கண்ணில்லாத பறவை

அவள்: இறங்குங்கப்பா. உள்ள போகலாம்.

அப்பா: எந்த உள்ள?

அவள்: இந்த உள்ள. எதிர்ல குவிமாடமும் தூணுமா நிக்குதே, நீங்க வருஷக்கணக்கா சவாரி கொண்டுவந்து இறக்கிவிடற இடம். முன்வாசல் வழியாப் போறோம்.

அப்பா: அம்மா உன்கிட்ட எதுவும் சொல்லலையா?

அவள்: சொல்லாம என்ன? இங்க வழிகாட்டி வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொன்னாங்க. "அவர்கிட்ட எதை வேணா கேளு, அந்த வாசலுக்குள்ள வாங்கன்னு மட்டும் கேட்டுடாதே"ன்னு.

அப்பா: சொல்லியும் கேக்குறே.

அவள்: சொன்னதாலதான் கேக்குறேன்.

அப்பா: பட்டம் வாங்கினா காது மந்தமாயிடும் போல... வண்டியை இங்க விட முடியாது பாப்பா. இறங்கின நிமிஷமே விசிலடிப்பான்.

அவள்: அந்த மரத்தடியில விடுங்க. செக்யூரிட்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

அப்பா: முட்டி வேற காலையிலேருந்து...

அவள்: காலையில மாடிப்படியில ரெண்டு ரெண்டாத் தாண்டி இறங்கினீங்க.

அப்பா: பாத்துட்டியா? சரி... உனக்கு இன்னிக்கு டியூட்டி இல்லையா?

அவள்: இன்னிக்கு நான் டியூட்டியில இல்ல.

அப்பா: நல்ல நாள் பாத்தே போ. வேலை நிரந்தரமாகுமா ஆகாதான்னு இன்னிக்குச் சொல்லுவாங்கன்னு நீதானே சொன்னே? இன்னிக்குப் போய் ஒரு டிரைவரைக் கூட்டிட்டு முன்வாசல்ல...

அவள்: டிரைவரை இல்ல. என் அப்பாவை.

அப்பா: சட்டை அப்படிச் சொல்லலையே பாப்பா. தூரத்துலேருந்தே டிரைவர்னு கத்தும். இரு, பின்சீட்டுல வேற சட்டை மடிச்சு வெச்சிருக்கேன். மாத்திக்கிறேன்.

அவள்: வேண்டாம். இதே சட்டை.

அப்பா: பிடிச்சா பிடிச்சதுதான். எங்க ஸ்டாண்டு டிரைவர் நெட்டையை நீ உள்ள விட்டதுக்கே அங்க குதிச்சுட்டு இருக்காங்க...

அவள்: நெட்டையண்ணன் என்ன தப்பு பண்ணார்? வண்டியில வந்த அம்மாவுக்கு வயசு, கண்ணு சரியாத் தெரியல. கையைப் பிடிச்சு வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தார். "நீங்க கையை விட்டுட்டு வெளிய நில்லுங்க"ன்னு எந்த வாயால சொல்றது?

அப்பா: ரூல்னு ஒண்ணு இருக்கில்ல? டிரைவருக்கு டிக்கெட் கிடையாது. காசு குடுத்தாலும் கிடையாது.

அவள்: எங்கயும் எழுதி வெக்காத ரூல்.

அப்பா: எழுதினாத்தானா? எங்க ஸ்டாண்டுல கேட்டுப் பாரு, எல்லாருக்கும் மனப்பாடம். பின்வாசல்ல நிக்கணும், கூப்பிட்டா வரணும். இதுல என்ன குறைஞ்சுபோச்சு? நிழல் இருக்கு, குழாய்ல தண்ணி வருது, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கு...

அவள்: இந்தாங்க.

அப்பா: என்ன இது?

அவள்: டிக்கெட். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு.

அப்பா: உனக்கு எதுக்கு? வேலை பாக்குற இடத்துல யாராவது காசு குடுத்து நுழைவாங்களா?

அவள்: சும்மா சுத்திப்பாக்க வந்தா எல்லாருக்கும் டிக்கெட்தான்.

அப்பா: உன் வேலை போயிடும் பாப்பா.

அவள்: இதனால என் வேலை போகாது. சத்தியமாச் சொல்றேன்... இறங்குறீங்களா? இல்ல ஹாரனை அழுத்தித் தெருவையே கூட்டட்டுமா?

அப்பா: அப்படியே உங்கம்மாவை உரிச்சு வெச்சிருக்கே. தள்ளு, கதவைத் திறக்கணும்.

*

அவள்: தலை பத்திரம். குனிஞ்சு வாங்க.

அப்பா: மலை மாதிரி கட்டடம், அதுக்குப் பூனை நுழையற மாதிரி வாசலா?

அவள்: வேணும்னே வெச்சது. ராஜாவா இருந்தாலும் கடவுள் முன்னாடி தலை குனிஞ்சுதான் வரணும்னு அர்த்தம். தினமும் நான் சொல்ற வசனம்.

அப்பா: ராஜாவுக்குச் சரி. நான் நாள் முழுக்கக் குனிஞ்சு குனிஞ்சுதானே கதவைத் திறந்துவிடறேன்? எனக்கும் எதுக்கு?

அவள்: அப்போ நீங்க நிமிந்து வாங்க.

அப்பா: நெத்தி வீங்கினா யார் பாக்குறது? உன் டிகிரி மருந்து போடுமா?... சரி, வந்துட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லலையே.

அவள்: டிக்கெட் இருக்கு. என்ன சொல்லுவாங்க?

அப்பா: அன்னிக்கும் டிக்கெட் இருந்துச்சு... விடு. ஏதோ வாயில வந்துடுச்சு.

அவள்: அம்மா சொல்லியிருக்காங்க. சவாரிக்கு வந்த குடும்பம் உங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுத்தாங்க. வாசல்ல அவங்களையெல்லாம் விட்டுட்டு, உங்களை மட்டும் தோளைப் பிடிச்சுத் தள்ளினாங்க.

அப்பா: தள்ளலை, தொடக்கூட இல்ல. உங்கம்மா எதையும் கொஞ்சம் தாளிச்சுத்தான் சொல்லுவா. விரலை நீட்டினான், அவ்ளோதான். "பின்வாசல் அந்தப் பக்கம்." அந்தக் குடும்பத்துல ஒரு சின்னப் பொண்ணு. உன் வயசுதான் இருக்கும் அப்போ. திரும்பித் திரும்பி என்னைப் பாத்துட்டே உள்ள போச்சு. அதுதான் கொஞ்சம்... சரி, சிங்கம் எங்க?

அவள்: எந்தச் சிங்கம்?

அப்பா: தரையில காதை வெச்சுப் படுத்திருக்குமே. எவன் எந்த மூலையில அழுதாலும் அதுக்குத்தான் முதல்ல கேக்கும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், மறந்துட்டியா?

அவள்: மறக்கலை. இதோ பாருங்க, ரெண்டு சிங்கம். ரெண்டும் விறைப்பா உக்காந்திருக்கு.

அப்பா: காது?

அவள்: தலையில. இருக்க வேண்டிய இடத்துல.

அப்பா: அட... ஒண்ணு வாயைத் திறந்திருக்கு, ஒண்ணு மூடியிருக்கு.

அவள்: பிறக்கும்போது வாயைத் திறந்துட்டு வர்றோம், சாகும்போது மூடிட்டுப் போறோம். நடுவுல நடக்கறது வாழ்க்கை. அதான் நடுவுல பாதை.

அப்பா: திறந்தது உங்கம்மா. மூடினது நான். நடுவுல நீ மாட்டிக்கிட்டே.

அவள்: மெதுவாச் சிரிங்க, எதிரொலிக்கும்.

அப்பா: அதென்ன சுவத்துல? மரத்தைத் தலைகீழாச் செதுக்கிட்டானே. கல்லை மாத்தி வெச்சுட்டாங்களா?

அவள்: இல்லப்பா, செதுக்கினதே அப்படித்தான். வேர் மேல, கிளை கீழ. உயிரோட வேர் வானத்துல இருக்கு, நாம கீழ தொங்கற பழம்னு அர்த்தம்.

அப்பா: வேர் அவ்ளோ உயரத்துல இருந்தா தண்ணி யார் ஊத்தறது?

அவள்: இதை இதுவரைக்கும் எந்தச் சுற்றுலாக்காரரும் கேட்டதில்ல.

அப்பா: காசு குடுத்து வந்திருக்கோமில்ல, கேக்காம இருப்பேனா? சரி, பறவையைக் காட்டு.

அவள்: பறவை இல்லப்பா.

அப்பா: இல்லன்னா? கண்ணில்லாத பறவை. றெக்கையை விரிச்சு வெச்சிருக்கும். வர்றவன் பணக்காரனா பரதேசியான்னு அதுக்குத் தெரியாது. எல்லாரையும் உள்ள சேத்துக்கும். நீ சின்னதுல படம்கூட வரைஞ்சியே?

அவள்: வரைஞ்சேன். அந்தப் பறவையைப் பாக்கணும்னுதான் இந்தப் படிப்பையே எடுத்தேன். பயிற்சியோட முதல் நாள், அத்தனை பேர் முன்னாடி கையைத் தூக்கிக் கேட்டேன், "மேடம், கண்ணில்லாத பறவை எங்க இருக்கு?"ன்னு. என் வரிசையே சிரிச்சுது. அப்பா, அப்படி ஒரு சிரிப்பு. படிச்சிட்டு வந்திருக்கு, இதுகூடத் தெரியலன்னு.

அப்பா: ஐயோ... என்கிட்ட சொல்லவே இல்லையே நீ.

அவள்: உங்களைப் பிடிச்சுக் கத்தணும்னுதான் வீட்டுக்கு வந்தேன். நீங்க "சாப்பிட்டியா"ன்னு கேட்டீங்க. கத்த முடியல.

அப்பா: கத்தியிருக்கலாம்.

அவள்: இப்பவாவது சொல்லுங்க. அந்தக் கதையெல்லாம் யார் சொன்னா உங்களுக்கு? சவாரிக்கு வந்தவங்களா?

அப்பா: அவங்கதான்... ஒரு வகையில.

அவள்: ஒரு வகையிலன்னா?

அப்பா: அவங்க பேசறது எனக்கு எங்க புரிஞ்சுது? எந்தெந்த தேசத்துப் பாஷையோ. உள்ள போறப்ப உம்முன்னு போவாங்க. திரும்பி வர்றப்ப பாக்கணுமே! பின்சீட்டுல ஒரே ஆரவாரம். என்னத்தையோ பாத்திருக்காங்க, என்னன்னு தெரியல. அதனால நான்... கண்ணாடியில பாப்பேன்.

அவள்: கண்ணாடியில என்ன தெரியும்?

அப்பா: கை தெரியும். ஒரு அம்மா ரெண்டு கையையும் பெருசா விரிச்சா, அப்புறம் ஒரு கையால கண்ணை மூடிக் காட்டினா. வேற ஒரு நாள் வேற ஆளு, அதே மாதிரி. விரிச்சது றெக்கை, மூடினது கண்ணு... நானா ஒரு பறவையைப் பிடிச்சேன்.

அவள்: நீங்களா பிடிச்சீங்க.

அப்பா: இன்னொருத்தர் வண்டிக் கண்ணாடியில கன்னத்தை ஒட்ட வெச்சுக் காதைத் தட்டித் தட்டிக் காட்டினார். சிங்கத்தோட முதுகு வெளியிலேருந்தே தெரியும். சரி, அதுக்குத்தான் காதுன்னு... பின்ன என்ன பண்றது? "தினமும் அங்கதானே போறீங்க, உள்ள என்னப்பா இருக்கு?"ன்னு நீ கேக்குறே. என்னை உள்ள விடமாட்டாங்கன்னா சொல்ல முடியும்?

அவள்: ... வாங்க. இங்க, நடுவுல நில்லுங்க. இப்ப மேல பாருங்க.

அப்பா: என்ன மேல... அம்மாடி! என்ன பாப்பா இது? இவ்ளோ... இப்படி... அந்த ஓட்டை வழியா வெளிச்சம் நேரா மூஞ்சியிலயே...

அவள்: அசையாதீங்க. அப்படியே நில்லுங்க. உங்க கையைப் பாருங்க.

அப்பா: கையில என்ன?

அவள்: ஒண்ணு விரிஞ்சிருக்கு. ஒண்ணு கண்ணை மறைச்சுட்டு இருக்கு. அதான்ப்பா உங்க பறவை.

*

மேடம்: யாரது, பறவைன்னு? திரும்பவும் ஆரம்பிச்சாச்சா?

அவள்: நான்தான் மேடம். அப்பா, இவங்கதான் தலைமை வழிகாட்டி. மேடம், இவர் என் அப்பா.

மேடம்: தெரி... ஓ. வணக்கம்.

அப்பா: வணக்கம்மா. இப்பதான் உங்களை... முதல் தடவையாப் பாக்குறேன்.

மேடம்: ... ஆமா. முதல் தடவை.

அவள்: டிக்கெட் ரெண்டும் இருக்கு மேடம். பாக்குறீங்களா?

மேடம்: நான் கேக்கலையே. பாத்தீங்களா, உங்க பொண்ணு என்னைப் பெரிய வில்லியாக்கி வெச்சிருக்கா. டிரைவருங்க மேல எனக்கு என்ன பகை, சொல்லுங்க? உள்ள வந்தா ஆளாளுக்கு ஒரு கதை விடறாங்க. எந்தப் புண்ணியவானோ கண்ணில்லாத பறவைன்னு ஒண்ணைக் கிளப்பிவிட்டுட்டான். வர்றவங்க குவிமாடத்தை விட்டுட்டு அதைத் தேடறாங்க. போன மாசம் ஒருத்தர், அதைப் பாக்காம போகமாட்டேன்னு இங்கயே உக்காந்துட்டார்.

அப்பா: அப்படியா... அநியாயமா இருக்கே.

அவள்: எதுக்குப்பா இருமுறீங்க?

அப்பா: தூசி.

மேடம்: நாங்க வருஷக்கணக்காப் படிச்சுட்டுச் சொல்றது எவர் மண்டையிலயும் நிக்கல. இது நிக்குது.

அவள்: நல்ல கதை மேடம். அதான் நிக்குது.

மேடம்: நல்ல கதையா இருக்கலாம். உண்மையில்லையே. கல்லுல இருக்கறதை மட்டும்தான் நாம சொல்லணும்.

அவள்: டிரைவருக்கு டிக்கெட் இல்லங்கறது எந்தக் கல்லுல இருக்கு?

அப்பா: பாப்பா!

மேடம்: விடுங்க, விடுங்க. எனக்குப் பழகிப்போச்சு... இதோ பாரும்மா. உன்னோடது என் மேஜை மேலதான் இருக்கு. ஆபீஸ் பூட்டற வரைக்கும் தொடமாட்டேன். கோவத்துல எதையும் முடிவு பண்ணாதே.

அவள்: கோவத்துல இல்ல மேடம்.

மேடம்: இங்க வந்த பிள்ளைங்கள்ல இவதான் நல்லாப் பேசறவ. கூட்டம் இவளைச் சுத்தித்தான் நிக்கும். அதைக் கெடுத்துக்கறா. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.

அப்பா: சொல்றேன்மா. நல்லபடியாச் சொல்றேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.

மேடம்: சரி, பாத்துட்டு வாங்க. எனக்கு ஒரு குழு காத்திருக்கு.

*

அப்பா: போயிட்டாங்க. கேட்டியா? ஆர்டர் மேஜை மேல இருக்காம்! நிரந்தரம் பாப்பா!

அவள்: ம்.

அப்பா: என்ன ம்? போய் எடுத்துட்டு வா. ரெண்டு வார்த்தை தணிஞ்சு பேசினா தலையில இருக்கற கிரீடம் இறங்கிடுமா? உனக்குன்னு ஒரு நாற்காலி, மாசம் பொறந்தாச் சம்பளம். நம்ம வீட்டுல இதுக்கு முன்னாடி எவருக்கு...

அவள்: அந்த மூலைக்குப் போங்க.

அப்பா: எதுக்கு?

அவள்: உங்க சிங்கத்தோட காது அங்கதான் இருக்கு. சுவரைப் பாத்து நில்லுங்க. நான் எதிர் மூலைக்குப் போறேன். மெதுவாப் பேசினாலே போதும், எனக்குக் கேக்கும்.

அப்பா: இவ்ளோ தூரத்துலேருந்தா? என்கிட்டயே கதை விடறியா?

அவள்: போங்கப்பா... இன்னும் கொஞ்சம். மூலையோட மூலையா. ம்... இப்ப கேக்குதா?

அப்பா: ஐயோ! யாரு... நீயா? என் காதுக்குள்ளயே நிக்கற மாதிரி இருக்கு!

அவள்: மேல வளைவைப் பிடிச்சுட்டுச் சத்தம் இங்க வந்துடுது. சண்டை போட்ட ரெண்டு பேர், முகத்தைப் பாக்காம பேசிக்கட்டும்னு கட்டினாங்களாம்.

அப்பா: கன்னத்தை ஒட்டி வெச்சா இன்னும் நல்லாக் கேக்குது. அதான் அந்த ஆளு... சரிதான், சரிதான்.

அவள்: ஏதாவது பேசுங்க.

அப்பா: என்ன பேசறது... சாப்பிட்டியா?

அவள்: அப்பா...

அப்பா: நிஜமாவே என் முகம் தெரியாதில்ல உனக்கு?

அவள்: தெரியாது. நானும் சுவரைத்தான் பாத்துட்டு இருக்கேன்.

அப்பா: அப்போ ஒண்ணு சொல்றேன். கத்தக்கூடாது. இங்க நின்னு நீ கத்தினா என் காது செவிடாயிடும்.

அவள்: கத்தலை.

அப்பா: உங்க மேடத்தை நான் நேத்தே பாத்துட்டேன். பின்வாசல் வழியாக் கிளம்பினாங்க. நிறுத்தி... "பொண்ணு தெரியாம நெட்டையை விட்டுட்டா, இனிமே எந்த டிரைவரையும் விடமாட்டா, அதுக்கு நான் பொறுப்பு"ன்னு சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். நெட்டையும் பாத்துட்டுதான் நின்னான். ஸ்டாண்டே பாத்துது. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நெட்டை மட்டும், "பரவாயில்ல அண்ணே, புள்ளைக்காகத்தானே"ன்னான். அந்தம்மாவும் தங்கமானவங்க, பதறிப்போய் "சரி சரி, கையை இறக்குங்க"ன்னாங்க... பாப்பா? இருக்கியா?

அவள்: இருக்கேன்.

அப்பா: கோவமா?

அவள்: எனக்குத் தெரியும்ப்பா.

அப்பா: எது தெரியும்?

அவள்: காலையிலயே மேடம் கூப்பிட்டுச் சொன்னாங்க. "உங்கப்பா வந்து மன்னிப்புக் கேட்டார், பாக்கப் பொறுக்கல, அதுக்காகவே உன்னை நிரந்தரமாக்கறேன்"னு. நல்ல மனசோடதான் சொன்னாங்க. அதைத்தான் தாங்க முடியல.

அப்பா: தெரிஞ்சுமா என்னை இங்க இழுத்துட்டு வந்தே?

அவள்: தெரிஞ்சதாலதான்.

அப்பா: எனக்கு ஒண்ணும் ஆகலை பாப்பா. கும்பிட்டது கைதானே? கை அதுக்கும் சேத்துத்தான் இருக்கு.

அவள்: அப்போ நான் படிச்சது எதுக்கு இருக்கு? நீங்க பின்வாசல்ல நின்னு கும்பிடுவீங்க. அந்தக் கும்பிடுல கிடைச்ச வேலையில நான் முன்வாசல்ல நின்னு நெட்டையண்ணனுக்கு விரலை நீட்டணுமா? உங்களுக்கு நீட்டின விரலை இனிமே என் கையில மாட்டிக்கச் சொல்றீங்களா?

அப்பா: நீ நீட்டலன்னா வேற ஒருத்தி நீட்டப்போறா.

அவள்: நீட்டட்டும். அது நானா இருக்கக்கூடாது.

அப்பா: பேச்சு நல்லாத்தான் இருக்கு. வீட்டு வாடகைக்கு இந்தப் பேச்சைக் குடுத்தா வாங்கிப்பாங்களா?

அவள்: மாட்டாங்க. அதுவும் தெரியும்.

அப்பா: அப்புறம்? சரி, சுவத்தைப் பாத்துப் பேசினது போதும். இங்க வா. ஆர்டரை வாங்கிக்குவோம். உள்ள இருந்துக்கிட்டே மெதுமெதுவா ஒவ்வொண்ணா மாத்தலாம். அந்தம்மா டைம் குடுத்திருக்காங்கல்ல... ம், வந்துட்டியா? கண்ணைத் துடை, யாராவது பாக்கப்போறாங்க. என்ன, கையை நீட்டுறே?

அவள்: வண்டிச் சாவி.

அப்பா: சாவி எதுக்கு? இந்தா... ஆபீஸ் அந்தப் பக்கமில்ல இருக்கு? பாப்பா, நில்லு. வாசப்பக்கம் எங்க போறே? ஆர்டர்?

அவள்: மேஜை மேல இருக்கறது ஆர்டர் இல்லப்பா, என் அடையாள அட்டை. காலையில மேடம் பேசி முடிச்சதும் கழட்டி வெச்சுட்டு, நேரா கவுன்டருக்கு வந்து ரெண்டு டிக்கெட் எடுத்தேன். நீங்க அவசரப்படாதீங்க, பூட்டற வரைக்கும் டிக்கெட் செல்லும். எல்லாத்தையும் நிதானமாப் பாத்துட்டு, முன்வாசல் வழியாவே வாங்க. நான் வண்டிகிட்ட நிக்கிறேன்.